கோழி எரு: ஆறவைத்துப் போடுங்கள், அளந்து போடுங்கள்

கோழி எருவைச் ‘சூடு’ என்பார்கள் அனுபவப்பட்டவர்கள். அந்த ஒற்றைச் சொல்லின் முழுப் பொருளும் எனக்கு விளங்க ஒரு கத்தரிப் பாத்தியைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது. நட்டுப் பத்து நாள் ஆன நாற்றுகள் அவை. வேர் பிடித்துப் புது இலை விடத் தொடங்கியிருந்தன. நன்றாகக் காய்ந்து பொடிப்பொடியாக இருந்த முட்டைக்கோழி எருவை ஒவ்வொரு நாற்றின் தூரிலும் ஒரு கைப்பிடி வைத்துத் தண்ணீர் விட்டேன். மாலையிலேயே மூக்கைத் துளைக்கும் நெடி எழுந்தது. மூன்றாம் நாள் காலையில் இலைகளின் ஓரங்கள் தீயில் காட்டிய காகிதம்போல் பழுப்பேறிச் சுருண்டிருந்தன. ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய வேர்நுனிகள் தேநீர் நிறத்தில் குழைந்துபோயிருந்தன. மண்ணில் ஈரம் இருந்தது. செடியோ தண்ணீர் கிடைக்காததுபோல் துவண்டு கிடந்தது.

மூட்டையில் மிச்சமிருந்த எருவை மூன்று மாதம் மக்கவைத்து, அடுத்த பருவத்தில் நடவுக்கு முன்பே மண்ணோடு கலந்து போட்டேன். அதே பாத்தி, அதே எரு. செடிகள் கரும்பச்சையாகத் திமிறிக்கொண்டு எழுந்தன. எருவைக் கையாண்ட விதம் மட்டும்தான் மாறியிருந்தது. புதிதாகக் கோழி எருவைக் கையில் எடுப்பவர்களுக்கு அந்த விதத்தைப் படிப்படியாகச் சொல்வதற்கே இந்தக் கட்டுரை.

இதில் ஏன் இவ்வளவு வீரியம்?

பறவைகள் சிறுநீரைத் தனியாகக் கழிப்பதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதுதான் அவற்றின் சிறுநீர். அது பெரும்பாலும் யூரிக் அமிலம். புது எச்சத்தில் இருக்கும் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பாதிக்கும் மேல் இந்த வடிவில்தான் இருக்கிறது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தவுடன் நுண்ணுயிரிகள் அதை யூரியாவாக்கி, யூரியாவை அம்மோனியாவாக்குகின்றன. இதற்குச் சில நாட்களே போதும். மாட்டுச் சாணத்தில் செரிக்காத நார் அதிகம். தழைச்சத்தில் பெரும்பங்கு மூத்திரத்தோடு தனியே போய்விடுகிறது. அதனால் சாணம் மெல்ல மெல்லத்தான் சத்தை விடும். கோழி எரு அப்படிக் காத்திருப்பதில்லை.

மணிச்சத்துக்கும் (பாஸ்பரஸுக்கும்) ஒரு கதை உண்டு. தானியங்களில் உள்ள மணிச்சத்தில் பெரும்பகுதி பைட்டேட் என்ற வடிவில் பூட்டப்பட்டிருக்கிறது. கோழியின் குடலால் அந்தப் பூட்டை நன்றாகத் திறக்க முடியாது. அதனால் தீவனத்தில் இருந்த மணிச்சத்தில் கணிசமான பங்கு எச்சத்தில் வந்துவிடுகிறது. முட்டைக்கோழியின் தீவனத்தில் ஓட்டுக்காகச் சேர்க்கும் கால்சியம் ஏறத்தாழ 4 சதவீதம். அதிலும் ஒரு பங்கு எருவுக்கு வந்து சேர்கிறது. தீவனத்தில் கலக்கும் துத்தநாகம், செம்பு, மாங்கனீசு ஆகியவையும் அப்படித்தான். பறவை எச்சத்தின் மதிப்பை உலகம் நீண்ட காலமாக அறிந்திருக்கிறது. பெரு நாட்டுக் கரையோரத் தீவுகளில் குவிந்த கடற்பறவை எச்சத்தை இன்கா மக்கள் உரமாகப் போற்றினார்கள். 1856இல் அமெரிக்க நாடாளுமன்றம் அத்தகைய தீவுகளுக்கு உரிமை கோருவதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது.

ஆகவே இதை எரு என்ற பெயரில் வந்திருக்கும் செறிவான உரம் என்றே மனத்தில் வையுங்கள். தொழுவுரத்தைக் கூடை கூடையாகக் கொட்டிப் பழகிய கை, இங்கே தராசைத் தேட வேண்டும்.

படி 1: கையில் இருப்பது எந்த எரு?

‘கோழி எரு’ என்று ஒரே பெயரில் நான்கு வேறு பொருள்கள் கிடைக்கின்றன.

கூண்டு முறையில் வளரும் முட்டைக்கோழிகளின் கீழே விழும் ஈர எச்சம் ஒன்று. இதில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். எடைக்கு எடை பார்த்தால் தழைச்சத்து 1 முதல் 1.5 சதவீதம்தான், ஆனால் நெடியும் வேகமும் இதில்தான் அதிகம். இரண்டாவது, கறிக்கோழிப் பண்ணையின் ஆழ்கூளம். உமி, மரத்தூள், கடலைத்தோல் போன்றவற்றைப் பரப்பி அதன்மேல் கோழிகளை வளர்த்து, பிறகு மொத்தமாக அள்ளி எடுப்பது இது. ஈரப்பதம் பெரும்பாலும் 20 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்கும். தழைச்சத்தும் மணிச்சத்தும் சுமார் 3 சதவீதம், சாம்பல்சத்து (பொட்டாசியம்) சுமார் 2 சதவீதம் என்று தோராயமாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். சாதாரணத் தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதத்தை ஒட்டியே இருக்கும் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது, உலர்த்திப் பொடியாகவோ குருணையாகவோ விற்கப்படுவது. நான்காவது, முறையாக மக்கவைத்தது.

மூன்றாவதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். நானும் அதில்தான் தவறினேன். உலர்ந்தது வேறு, மக்கியது வேறு. வெயிலில் காய்ந்த எருவில் நுண்ணுயிரிகளின் வேலை பாதியில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் பட்டவுடன் விட்ட இடத்திலிருந்து அது மறுபடியும் தொடங்கும், உங்கள் செடியின் வேரடியில். வாங்கும்போது ஒரு பிடி எருவை ஒரு புட்டியில் போட்டு, நனைத்து, இறுக மூடி இரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். திறக்கும்போது கண்ணைக் கரிக்கும் நெடி வந்தால், பையின் மேல் என்ன எழுதியிருந்தாலும் அது இன்னும் மக்காத பச்சை எருதான்.

எருவின் சத்து, தீவனம், கூளம், சேமித்த விதம் ஆகியவற்றைப் பொறுத்து மிகவும் மாறும். ஒரு வண்டி அளவுக்கு மேல் வாங்குகிறீர்கள் என்றால் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது வீண் செலவு ஆகாது. முடிவு வந்ததும் ஒன்றைக் கவனியுங்கள்: மணிச்சத்தைச் சில அறிக்கைகள் தனிமமான பாஸ்பரஸ் என்று காட்டும், சில பாஸ்பரஸ் பென்டாக்சைடு என்று காட்டும். முதலாவதை 2.29ஆல் பெருக்கினால் இரண்டாவது கிடைக்கும். உரப் பரிந்துரைகள் பெரும்பாலும் இரண்டாவது கணக்கில் இருக்கும். இதைக் குழப்பிக்கொண்டால் அளவு இரு மடங்குக்கு மேல் பிசகிவிடும்.

படி 2: மண்ணிடம் கேளுங்கள்

எருவுக்கு முன்பே மண் பரிசோதனையைச் செய்துவிடுவது நல்லது. மூன்று எண்கள் முக்கியம்: கார அமில நிலை, மண்ணின் உப்பைக் காட்டும் மின் கடத்துதிறன், கிடைக்கும் நிலையில் உள்ள மணிச்சத்து.

அமிலம் மிகுந்த மண்ணாக இருந்தால் கோழி எரு இரட்டை வரம். அதிலுள்ள கால்சியம் கார்பனேட்டும் கரிமப் பொருளும் சேர்ந்து அமிலத்தைத் தணிக்கின்றன. அமில மண்ணில் வேர்களைக் குட்டையாக்கும் அலுமினியத்தின் நச்சும் குறைகிறது. அப்படிப்பட்ட மண்ணில் கோழி எரு காட்டும் பலனில் ஒரு பங்கு சத்தால் வருவது. இன்னொரு பங்கு இந்தச் சுண்ணாம்பு வேலையால் வருவது. ஏற்கெனவே களர் அல்லது உவர் தன்மை உள்ள நிலத்தில் கதை வேறு. எருவோடு வரும் சோடியம், பொட்டாசியம், குளோரைடு உப்புகள் அங்கே சுமையைக் கூட்டும். மின் கடத்துதிறன் ஏற்கெனவே உயர்ந்திருந்தால் கோழி எருவைக் குறைத்து, தொழுவுரத்தையும் பசுந்தாளையும் நாடுங்கள்.

மணிச்சத்து ஏற்கெனவே ‘அதிகம்’ என்று அறிக்கை சொன்னால், அந்த நிலத்துக்குக் கோழி எரு இப்போது வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இந்த வரியைப் படித்துவிட்டும் எரு கிடைக்கிறதே என்று போட்டுவிடுகிறார்கள். ஏன் வேண்டாம் என்பது நான்காம் படியில் வரும்.

படி 3: மக்கவைத்தல்

பொறுமை வேண்டிய வேலை இதுதான். பச்சை எருவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 7, 8 என்ற அளவிலேயே இருக்கும். நுண்ணுயிரிகள் வசதியாக வேலை செய்ய 25 முதல் 30 வரை வேண்டும். கரிமம் போதாதபோது மிஞ்சும் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் பறக்கிறது. குவியலில் நீங்கள் முகரும் நெடி, நீங்கள் இழந்துகொண்டிருக்கும் உரம். அதைப் பிடித்து நிறுத்தத்தான் வைக்கோல், காய்ந்த இலை, மரத்தூள், தென்னை நார்க்கழிவு எல்லாம் சேர்க்கிறோம்.

ஒரு கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம். ஈரமான முட்டைக்கோழி எச்சம் 100 கிலோவில் தழைச்சத்து 1.5 கிலோ, கரிமம் 10.5 கிலோ என்று கொள்வோம். காய்ந்த வைக்கோல் 100 கிலோவில் தழைச்சத்து அரை கிலோ, கரிமம் 40 கிலோ. இரண்டையும் சம எடையில் கலந்தால் கரிமம் 50.5, தழைச்சத்து 2. விகிதம் 25 வந்துவிட்டது. வைக்கோல் அவ்வளவு கிடைக்கவில்லை என்றால் 65 கிலோ போட்டாலும் விகிதம் 20ஐ ஒட்டி வரும்; கொஞ்சம் தழைச்சத்து பறக்கும், ஆனால் எரு மக்கிவிடும். எடையில் சமம் என்றால் கன அளவில் வைக்கோல் மலைபோல் தெரியும். அதைக் கண்டு குறைத்துவிடாதீர்கள். ஆழ்கூளத்தில் உமியோ மரத்தூளோ ஏற்கெனவே இருந்தாலும், அதற்கும் கிட்டத்தட்ட சம எடை காய்ந்த பொருள் வேண்டும். அது வறண்டு இருப்பதால் நிறையத் தண்ணீரும் தேவைப்படும்.

மழைநீர் தேங்காத மேட்டில், முடிந்தால் கூரையின் கீழ், அடுக்கடுக்காகப் போட்டுக் கலந்து குவியுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைந்தது ஒரு மீட்டராவது இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் வெப்பம் நிற்காது. இரண்டு மீட்டருக்கு மேல் உயர்த்தவும் வேண்டாம். ஈரக் கூளத்தை வறண்ட கூளத்தின் மேல் உயரமாகக் கொட்டி வைத்த குவியல்கள் உள்ளுக்குள் சூடேறித் தானாகத் தீப்பிடித்ததுண்டு. ஈரத்தைக் கையால் பாருங்கள். ஒரு பிடியை எடுத்து அழுத்திப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி எட்டிப் பார்க்க வேண்டும், வழியக் கூடாது.

மூன்று நான்கு நாட்களில் குவியல் உயிர் பெற்றுவிடும். வெப்பமானி இல்லாதவர்கள் ஓர் இரும்புக் கம்பியை நடுவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு இழுத்துப் பாருங்கள். கம்பியை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டிருக்க முடியாமல் கை தானாக விட்டுவிட்டால், உள்ளே வேண்டிய வெப்பம் இருக்கிறது. விடியற்காலையில் கிளறும்போது உள்ளிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பும். நடுவில் சாம்பல் பூத்ததுபோல் வெண்மையான படலம் தெரியும். அது நுண்ணுயிரிகளின் கூட்டம், பூசணம் என்று பயந்து எறிந்துவிட வேண்டாம். 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை நல்லது. 70ஐத் தாண்டினால் வேலை செய்யும் நுண்ணுயிரிகளே மடியத் தொடங்கும். உடனே கிளறி ஆற்றுங்கள். திறந்தவெளி நீள்குவியலில் மக்கவைப்பவர்களுக்கு அமெரிக்க இயற்கை வேளாண் விதிமுறை சொல்லும் அளவுகோல் எளிமையானது: வெப்பநிலை 55 முதல் 76 டிகிரிக்குள் 15 நாட்கள் நிற்க வேண்டும், அந்தக் காலத்துக்குள் குறைந்தது ஐந்து முறை கிளற வேண்டும். வெளியே இருப்பது உள்ளே போய்ச் சூடுபட்டால்தான் சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் முழுவதுமாக மடியும்.

ஒரு தவறை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நெடியை அடக்கச் சுண்ணாம்பையோ அடுப்புச் சாம்பலையோ குவியலில் தூவுகிறவர்கள் உண்டு. இரண்டும் காரத்தன்மை கொண்டவை. காரம் கூடினால் அம்மோனியா இன்னும் வேகமாக வெளியேறும். நெடி குறைய வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் வைக்கோலைச் சேருங்கள்.

சூடு தணியும்போது எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகியிருக்கும். அதன் பிறகும் ஒரு மாதம் சும்மா விட்டு ஆறவையுங்கள். ஆறிய எரு கருப்பாக, உதிரியாக, மழை பெய்த மண்ணின் வாசனையோடு இருக்கும். சந்தேகம் இருந்தால் விதையைக் கேளுங்கள்: இரண்டு தொட்டிகளில், ஒன்றில் வெறும் மண், மற்றதில் நான்கில் ஒரு பங்கு எரு கலந்த மண், இரண்டிலும் பத்துப் பத்து முள்ளங்கி விதை. இரண்டிலும் ஒன்றுபோல் முளைத்தால் எரு தயார். எரு கலந்த தொட்டியில் பாதிதான் முளைத்தது, முளைத்ததும் வேர் கருகியது என்றால் இன்னும் ஒரு மாதம் ஆகட்டும்.

மக்கவைப்பதில் தழைச்சத்து கணிசமாக இழப்பாகும் என்பது உண்மை. பெரிய நிலத்தில் பச்சை எருவை நேராக இட்டு உடனே உழுதுவிடுகிறவர்கள் அதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். கருவியும் அனுபவமும் உள்ளவர்களுக்கு அது சரி. புதியவர்களுக்கு நான் மக்கிய எருவையே சொல்வேன். இழப்பு போனாலும் மிஞ்சும் தழைச்சத்து நிலையானது, பயிரைச் சுடாது.

படி 4: எவ்வளவு?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: கோழி எருவை மணிச்சத்துக் கணக்கில் அளக்க வேண்டும்.

காரணம் இது. பெரும்பாலான பயிர்கள் மணிச்சத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தழைச்சத்து கேட்கும். ஆழ்கூள எருவிலோ இரண்டும் ஏறத்தாழ சமம். தழைச்சத்துத் தேவையை எருவாலேயே நிரப்பப் போனால் மணிச்சத்து குவிந்துவிடும். ஒரு மண் பரிசோதனை அறிக்கை எக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து, 60 கிலோ மணிச்சத்து, 40 கிலோ சாம்பல்சத்து கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எருவில் அவை முறையே 3, 3, 2 சதவீதம். ஒரு டன்னில் 30, 30, 20 கிலோ. தழைச்சத்தில் முதல் பருவத்தில் பாதிதான் பயிருக்குக் கிடைக்கும் என்றால், டன்னுக்கு 15 கிலோ. 120 கிலோவை எட்ட 8 டன் வேண்டும். அந்த 8 டன்னோடு வரும் மணிச்சத்து 240 கிலோ, கேட்டதைப்போல் நான்கு மடங்கு.

இதையே திருப்பிப் போடுங்கள். 60 கிலோ மணிச்சத்துக்கு 2 டன் போதும். சாம்பல்சத்து 40 கிலோவும் அதிலேயே நிறைந்துவிட்டது. தழைச்சத்து 30 கிலோ வந்துவிட்டது. மீதி 90 கிலோவைப் பசுந்தாள் உரம், பிண்ணாக்கு, பயறு சுழற்சி, வேண்டுமானால் யூரியா என்று வேறு வழியில் கொடுங்கள். எக்டேருக்கு 2 டன் என்றால் ஏக்கருக்கு 800 கிலோ, சதுர மீட்டருக்கு 200 கிராம். பத்துச் சதுர மீட்டர் பாத்திக்கு இரண்டே கிலோ. கையில் எடுத்துப் பார்த்தால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். இவ்வளவுதான். மக்கிய எருவில் வைக்கோல் கலந்திருப்பதால் சத்து அடர்த்தி குறைந்திருக்கும். அதற்கேற்ப ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு கூட்டிக்கொள்ளலாம். ஆய்வக அறிக்கை இருந்தால் ஊகமே வேண்டாம். உங்கள் வாளியில் எத்தனை கிலோ பிடிக்கும் என்று ஒரு முறை எடைபோட்டு வாளியின் பக்கத்திலேயே எழுதிவிட்டால், பிறகு தராசு தேவையில்லை.

மணிச்சத்து மிஞ்சினால் என்ன ஆகிவிடும்? தழைச்சத்துபோல் அது காற்றில் பறக்காது, நீரில் எளிதில் கரைந்து கீழே இறங்கவும் செய்யாது. மேல்மண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கும். மிதமிஞ்சிய மணிச்சத்து துத்தநாகத்தைச் செடி எடுப்பதைத் தடுக்கும். இளம் இலைகளில் நரம்புகளுக்கு நடுவே வெளுக்கும், மக்காச்சோளத்தில் இலையின் அடிப்பகுதியில் வெண்பட்டை விழும். வேரோடு கூடி வாழ்ந்து மணிச்சத்து தேடித் தரும் வேர்ப்பூஞ்சைகள், வேலை இல்லாததால் அருகிவிடும். மழையில் மண் அரிக்கும்போது மணிச்சத்தும் உடன் ஓடிக் குளத்தில் சேரும். பாசி பச்சைப் போர்வையாகப் பரவி, மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மீன்கள் செத்து மிதக்கும். வயலுக்குப் போட்ட செல்வம் குளத்தைக் கொல்வதைப் பார்ப்பது வேதனையான காட்சி.

படி 5: எப்போது, எப்படி?

மக்கிய எருவை விதைப்புக்கோ நடவுக்கோ இரண்டு மூன்று வாரம் முன்னதாக அடியுரமாக இடுங்கள். சீராகத் தூவி அன்றைக்கே மேல் 10 முதல் 15 சென்டிமீட்டர் மண்ணில் கலந்துவிடுங்கள். மேலாகப் போட்டு வெயிலில் விட்டால் தழைச்சத்து ஆவியாகும், அதுவும் காற்றடிக்கும் வெப்பமான நாளில் வேகமாக. பெருமழை வரும் என்று தெரிந்தால் அன்று தொடாதீர்கள்.

நிற்கும் பயிருக்கு மேலுரமாகக் கொடுக்க வேண்டுமானால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகத் தூவி, கொத்திவிட்டு நீர் பாய்ச்சுங்கள். மரங்களுக்கு அடிமரத்தை ஒட்டிப் போடவே கூடாது. உணவு தேடும் வேர்கள் கிளைகளின் நிழல் விழும் ஓரத்தில்தான் இருக்கின்றன. நாற்றங்காலுக்குக் கோழி எருவே வேண்டாம்.

பச்சை எருவைத்தான் இட வேண்டிய நிலை என்றால் அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நான் முன்பு சொன்ன அதே விதிமுறை, உண்ணும் பகுதி மண்ணைத் தொடும் பயிர்களுக்கு 120 நாள் இடைவெளியும், தொடாதவற்றுக்கு 90 நாளும் கேட்கிறது. கீரை நான்கு ஐந்து வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். ஆகவே கீரைப் பாத்திக்குப் பச்சை எரு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பயிருக்குப் பயிர்

மக்காச்சோளம், கரும்பு, வாழை, பூசணி, முட்டைக்கோசு போன்ற பெருந்தீனிக்காரர்கள் கோழி எருவை விரும்பி ஏற்பார்கள். தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவற்றில் கை நடுங்க வேண்டும். தழைச்சத்து மிஞ்சினால் செடி புதராக வளரும், பூ தள்ளிப்போகும், மென்மையான கொழுந்தை அசுவினி தேடி வரும். தக்காளியின் அடிப்பகுதி கருத்து அழுகுவதைப் பார்த்துக் கால்சியம் போதவில்லை என்று இன்னும் எரு வைக்கிறவர்கள் உண்டு. மண்ணில் அம்மோனியம் மிகுந்தால் அதுவே வேர் கால்சியத்தை எடுப்பதைத் தடுக்கும். அங்கே வேண்டியது சீரான நீர்ப்பாய்ச்சல்.

பயறு வகைகளுக்கு மிகக் குறைவாக இடுங்கள். தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் அவை வேர்முடிச்சு கட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். காற்றிலிருந்து இலவசமாக வர வேண்டியதை நீங்கள் சுமந்து கொடுத்ததாகிவிடும். அவரையும் வெங்காயமும் கேரட்டும் உப்பைத் தாங்காதவை. கேரட், முள்ளங்கிக்கு முந்தைய பயிருக்கு இட்ட எருவின் மிச்சமே போதும், புதிதாக இட்டால் கிழங்கு கிளைத்து மயிர்வேர் விடும். உருளைக்கிழங்கில் எருவின் சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தைக் குறைப்பதால் சொறிநோய் கூடலாம். தேயிலை, அசேலியா போன்ற அமிலம் விரும்பும் செடிகளுக்கு வேறு எரு தேடுங்கள். நெல்லில் தண்ணீர் நிற்கும் சேற்றில் பச்சைக் கழிவு நொதித்து இளவேர்களைப் பாதிக்கும். மக்கியதை இட்டாலும் அளவு மீறினால் பயிர் சாயும், குலைநோயும் புகையானும் தேடி வரும்.

உடலையும் நீரையும் காத்துக்கொள்ளுங்கள்

உலர்ந்த கோழி எருவைக் கிளறும்போது எழும் தூசியில் கிருமிகளும் பூஞ்சை வித்துகளும் இருக்கும். முகக்கவசம் கட்டுங்கள், இலேசாக நீர் தெளித்துவிட்டுக் கிளறுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையிலிருந்து விலகியிருப்பது நல்லது. கூட்டமாகக் கோழிகள் மடிந்த பண்ணையிலிருந்து எரு எடுக்காதீர்கள். ஆடுமாடுகள் எருக் குவியலை மேயாதபடி வேலி வையுங்கள்: கூளத்தில் செத்த கோழியின் மிச்சம் கிடந்தால் மாடுகளுக்குப் பாட்டுலிசம் என்ற நச்சுநோய் வரும், செம்பு மிகுந்த கூளம் செம்மறியாட்டுக்கு விஷமாகும். ஈ தொல்லை தருகிறதென்றால் குவியல் ஈரமாக இருக்கிறது என்று பொருள். வெதுவெதுப்பான ஈர எருவில் முட்டையிலிருந்து ஈயாக ஏழு முதல் பத்து நாள் போதும்.

கிணறு, ஓடை, குளம் ஆகியவற்றிலிருந்து குவியலை 30 மீட்டராவது தள்ளி வையுங்கள். மழைக்கு மூடுங்கள். எருவின் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அதற்கு மேல் ஆபத்து.

ஒரு துண்டை வெறுமையாக விடுங்கள்

கடைசியாக ஒரு வேலை. எரு இடும்போது பாத்தியின் ஒரு ஓரத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எதுவும் போடாமல் விட்டு, இரு முனையிலும் குச்சி நடுங்கள். அதை அடுத்த ஒரு மீட்டரில் பாதி அளவு, மீதியில் முழு அளவு. முப்பதாம் நாளும், பூக்கும்போதும், அறுவடையிலும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலையின் நிறம், செடியின் உயரம், ஒரு செடியின் வேர், காயின் எடை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதி அளவு இட்ட இடமும் முழு அளவு இட்ட இடமும் ஒரே விளைச்சல் தந்தால் உங்கள் மண்ணுக்குப் பாதியே போதும். அடுத்த ஆண்டு அந்த மிச்ச எரு வேறொரு பாத்திக்குப் போகும். இந்த ஆண்டு போட்ட எருவின் தழைச்சத்தில் ஒரு சிறு பங்கு அடுத்த ஆண்டும் மண்ணிலிருந்து கிடைத்துக்கொண்டிருக்கும் என்பதால், குறிப்பேட்டில் தேதியையும் கிலோவையும் எழுதி வையுங்கள். அடுத்த பருவத்துக் கணக்கை அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.